இரண்டாவது தொடுகை

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று நாள் பயிற்சியின் கடைசி மணி நேரத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற கவலை உங்கள் முகத்தில் தெரிகிறது. எனவே தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. இரண்டு விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மற்றொன்று நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடந்தது. இரண்டிலும் ஓர் அணி தன் வீரன் ஒருவனை எல்லாரும் பார்க்க நம்பாமல் போனது. இரண்டாவது போட்டியில் அந்தத் தவறைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

முதலில் அமெரிக்கக் கதை. என் பழைய மாணவர் ஒருவர் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறார். அங்கே போனதும் நியூயார்க் ஜெட்ஸ் என்ற அணிக்கு ரசிகராகிவிட்டார். "வேற நல்ல டீமே கிடைக்கலையாப்பா?" என்று கேட்டேன். "மைதானம் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு சார், வேற வழியில்ல" என்றார். அந்த அணி அப்படி. 2010ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பிறகு பல ஆண்டுகளாக இறுதிக்கட்டச் சுற்றுக்கே அது தகுதி பெறவில்லை.

அவர்கள் கால்பந்து என்று சொல்வது நம்முடைய கால்பந்து அல்ல. நீள்வட்டமான பந்து. பெரும்பாலும் கையால்தான் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள்.

இதில் இரண்டு விவரங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாக்கி ஆடும் பதினொரு பேர் வேறு, தடுத்து ஆடும் பதினொரு பேர் வேறு. ஒரு கூட்டம் களத்தில் இருக்கும்போது மற்றக் கூட்டம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு, தாக்கி ஆடும்போது அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து முதலில் ஒரே ஒருவன் கைக்குத்தான் வரும். அவனுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று சில நொடிகளில் அவன் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிரணி ஆட்கள் அவனைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த அவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள்.

ஜெட்ஸ் அணி 2020இல் 16 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. அங்கே ஒரு விதி உண்டு. கடைசியில் வந்த அணிகளுக்குத்தான் கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. அப்படி 2021இல் நாட்டிலேயே இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சாக் வில்சன். வயது 21. கவனியுங்கள், மிகத் திறமையான இளைஞன் மிகவும் தளர்ந்துபோன அணிக்குப் போகிறான். போன முதல் நாளே அந்த அணியைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். முதல் பணி நியமனத்தில், பல ஆண்டு காலியாக இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

2022 நவம்பர் 20. எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். அதுவரை அந்தப் பருவத்தில் ஜெட்ஸ் ஒன்பது ஆட்டங்களில் ஆறில் வென்றிருந்தது. ரசிகர்களுக்கு நீண்ட நாளைக்குப் பிறகு நம்பிக்கை. தடுத்து ஆடுகிறவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆட்டம் முழுவதும் எதிரணியின் தாக்குதலுக்கு அவர்கள் விட்டுக்கொடுத்தது மூன்றே புள்ளிகள். ஆனால் தாக்கி ஆடும் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. வில்சன் எறிந்த 22 பந்துகளில் 9 மட்டுமே சேர வேண்டியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றால் கிடைத்தது 77 கெஜம். இரண்டாம் பாதி முழுவதிலும் ஜெட்ஸ் அணி முன்னேறியது மொத்தமே 2 கெஜம். 3-3 என்ற சமநிலையில், ஆட்டம் முடிய ஐந்து நொடி இருக்கும்போது, ஜெட்ஸ் உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்த மார்கஸ் ஜோன்ஸ் என்ற எதிரணி இளைஞர் 84 கெஜம் ஓடி வந்துவிட்டார். 10-3 என்று தோல்வி.

ஆட்டம் முடிந்து செய்தியாளர்கள் வில்சனிடம் கேட்டார்கள். தடுத்து ஆடியவர்கள் மூன்று புள்ளிதான் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களை நீங்கள் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா?

"இல்லை" என்றார். ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பிரச்சினை அங்கேதான் வெடித்தது. அதே அணியின் முதலாண்டு வீரர் கேரட் வில்சன், பந்தைப் பிடிக்கும் இடத்தில் ஆடுகிறவர், இப்படி ஆடுவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது என்று செய்தியாளர்கள் முன்னாலேயே கொதித்தார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. உடைமாற்றும் அறையில் இருந்த கசப்பு அடுத்த சில நாட்களுக்கு நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது நாள் பயிற்சியாளர் ராபர்ட் சாலே வில்சனை உட்காரவைத்தார். அடுத்த ஆட்டத்தில் மாற்று வீரராகக்கூட அவருக்கு இடமில்லை.

நான் இதைக் கேட்டபோது என் மாணவரிடம், "ஒரு ஆட்டம் சரியா ஆடலேன்னா இவ்வளவு கோபமா?" என்றேன். அவர் சொன்னார்: "ஆடாததுக்கு இல்ல சார். அந்த 'இல்லை'க்குத்தான்."

சரியாகச் சொன்னார். குழந்தைகளும் அப்படித்தான். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டால் மாணவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. "சார், விடை வேற வருது" என்று ஒருவன் சொன்ன பிறகும், "நீ சரியா எழுதலை, உட்காரு" என்று சொல்கிறோமே, அப்போதுதான் அவர்களுக்கு நம் மேலிருந்த நம்பிக்கை போகிறது. தப்பு செய்தவரைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். தன் பங்கை ஒப்புக்கொள்ளாதவரை நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. வில்சனுக்குப் பதிலாக மைக் ஒயிட் என்பவர் வந்தார். முதல் ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் அணியை 31-10 என்று தோற்கடித்தார்கள். அவர் எறிந்த 28 பந்துகளில் 22 போய்ச் சேர்ந்தன. "பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது" என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? மீதி ஆறு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோல்வி. மைக் ஒயிட்டுக்கு விலா எலும்பில் அடிபட்டது. நடுவில் இரண்டு ஆட்டங்களுக்கு வில்சனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். டிசம்பர் 22ஆம் தேதி மழையில் நடந்த ஆட்டத்தில் சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு அவரை அவமானப்படுத்தினார்கள். நடு ஆட்டத்தில் மறுபடியும் உட்காரவைக்கப்பட்டார். பருவம் முடிந்தபோது 7 வெற்றி, 10 தோல்வி.

ஆக, கோளாறு ஒரே ஆளிடம் இல்லை. ஆனால் எல்லார் கண்ணிலும் பட்டது அந்த ஒரே ஆள்தான். ஒவ்வொரு முறையும் பந்து அவன் கைக்கு வந்ததால் ஒவ்வொரு தோல்வியும் அவன் கையிலிருந்தே நழுவியதுபோல் தெரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2018ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். கையுந்துபந்து, அதாவது வாலிபால், குறுவட்டப் போட்டி. எங்கள் அணியில் செட்டராக ஆடியவன் பத்தாம் வகுப்பு மாணவன். வாலிபால் ஆடியவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுகைதான். முதல் தொடுகை, எதிரணி சர்வீஸைப் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுப்பது. இரண்டாவது, செட்டர் தூக்கிக் கொடுப்பது. மூன்றாவது, ஸ்மாஷ். கைதட்டல் மூன்றாவது தொடுகைக்கு. திட்டு இரண்டாவது தொடுகைக்கு. முதல் தொடுகையை யாரும் பார்ப்பதில்லை.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது செட் அவர்களுக்கு. மூன்றாவது செட்டில் 6-10 என்று பின்தங்கினோம். அந்தப் பையன் தூக்கிக் கொடுத்த பந்துகள் ஒன்று வலையோடு ஒட்டின, இல்லையென்றால் எங்கோ தள்ளிப் போயின. நான் டைம் அவுட் கேட்டேன். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எங்கள் ஸ்மாஷர், அவன்தான் கேப்டன், எல்லார் முன்னாலும் சொன்னான்: "சார், இவன் இருந்தா ஆட முடியாது. இவனை வெளிய எடுங்க." மற்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று செய்தது வேறு. அந்தப் பையனைப் பார்த்து, "உன்னை நம்பித்தானேடா வந்தோம்" என்றேன். பக்கத்து அணிக்கும், வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கும் கேட்கும்படிச் சொன்னேன். அவனை வெளியே எடுத்தேன். அவன் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் 9-15 என்று தோற்றோம். மாற்றாக இறங்கியவனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் முதல் அவன் மைதானத்துக்கு வரவில்லை. பள்ளிக்கு வந்தான், பரீட்சை எழுதினான், தேர்ச்சி பெற்றான். வராந்தாவில் என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். நானும் கூப்பிட்டுப் பேசவில்லை. "விளையாட்டில் தோல்வியைத் தாங்கத் தெரியவில்லை" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது என்னுடைய "இல்லை".

நான்கு ஆண்டு கழித்து இந்த ஜெட்ஸ் கதையைக் கேட்ட இரவு, என் பழைய பயிற்சிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் தினமும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி. பதிவேட்டில் ஸ்மாஷ் பயிற்சி, சர்வீஸ் பயிற்சி, மைதான ஓட்டம் எல்லாம் நாள்தோறும் இருந்தன. செட்டருக்கென்று தனிப் பயிற்சி ஒரு நாள்கூட எழுதியிருக்கவில்லை. சர்வீஸை எடுத்துக் கொடுக்கும் முதல் தொடுகைப் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாள். அவனை நான் செட்டராக்கியதற்குக் காரணம், அணியிலேயே குள்ளமானவன் அவன் என்பதுதான். கற்றுக்கொடுக்காத வேலையை அவன் தலையில் கட்டி, எல்லார் முன்னாலும் அவனைக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

போன ஆண்டு அவனைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்து வேலையில் இருக்கிறான். டீ வாங்கிக் கொடுத்தான். நான்தான் பேச்சை எடுத்தேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி. தப்பு என்னோடது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஃபர்ஸ்ட் பால் சரியாவே வரல சார். எல்லாத்துக்கும் ஓடி ஓடித்தான் எடுத்தேன்" என்றான். "அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நண்பர்களே, நம் பள்ளிகளில் இரண்டாவது தொடுகையில் நிற்பவர்கள் நிறையப் பேர். வகுப்புத் தலைவன், குழுச் செயல்பாட்டின் தலைவி, ஆண்டு விழா நாடகத்தில் முதன்மை வேடம் போட்ட குழந்தை. ஏன், தேர்ச்சி விழுக்காடு குறைந்த பாடத்தின் ஆசிரியரும் அப்படித்தான். மீளாய்வுக் கூட்டத்தில் அவர் ஒருவரை மட்டும் எழுந்து நிற்கச் சொல்கிறோம். கீழ் வகுப்புகளில் அந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லாமல் இருந்தது என்ற முதல் தொடுகையை யாரும் கேட்பதில்லை.

நான் கற்றுக்கொண்ட நான்கு செய்திகளை உங்களிடம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஆளைப் பார்க்கும் முன் அவனுக்கு வந்த பந்தைப் பாருங்கள். ஒரு குழந்தை தலைமைப் பொறுப்பில் தடுமாறினால், "இவனுக்கு இதைச் செய்ய யார், எப்போது கற்றுக்கொடுத்தோம்?" என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். பிறகு அவனிடம், "உனக்கு எது கஷ்டமாயிருக்கு?" என்று கேட்போம். கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது, கோபப்படுகிற பிள்ளைகளையும் கேளுங்கள். என் கேப்டன் கெட்டவன் அல்ல. உயிரைக் கொடுத்து ஆடினான். ஜெட்ஸ் தடுப்பு வீரர்களின் வருத்தமும் நியாயமானதே. அந்த வருத்தத்துக்கு ஓர் இடம் வேண்டும். இப்போது நான் ஒவ்வொரு போட்டிக்கும் மறுநாள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைக்கிறேன். ஒரே ஒரு விதிதான். ஒவ்வொருவரும் முதலில் தன் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகுதான் அடுத்தவரைப் பற்றிப் பேசலாம். வட்டத்தில் நானும் உட்காருவேன், நான்தான் முதலில் சொல்வேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் குழுவேலை முடிந்ததும் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, சில நேரம் மாற்றத்தான் வேண்டும். பொறுப்பை எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பது குற்றமல்ல. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்தக் குறையைச் சரிசெய்தால் திரும்ப வரலாம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். வில்சனை உட்காரவைத்த நாளில் சாலே, இது அவருடைய முடிவு அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார். நான் என் மாணவனுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

நான்காவது, "இது என் தவறு" என்று சொல்வதும் ஒரு திறன். மற்றத் திறன்களைப் போலவே பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொள்ள முடியும். வில்சன் பிறகு சக வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு புகழ்பெற்ற ஆரன் ராட்ஜர்ஸை அணிக்குக் கொண்டுவந்தார்கள். வில்சன் மாற்று வீரரானார். முதல் ஆட்டத்தில் நான்காவது முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதே ராட்ஜர்ஸுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. மறுபடியும் வில்சன். 2023 அக்டோபர் 1ஆம் தேதி, நடப்பு வாகையர் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக மிக நன்றாக ஆடினார். எறிந்த 39இல் 28 போய்ச் சேர்ந்தன. ஆனால் கடைசிக் கட்டத்தில் ஒரு பந்தைக் கைதவற விட்டார். 23-20 என்று தோல்வி. அன்று செய்தியாளர்கள் முன்னால் அவரே பழியை ஏற்றுக்கொண்டார். என் தவறால் தோற்றோம் என்ற பொருள்படப் பேசினார். இந்த முறை பயிற்சியாளரும் சக வீரர்களும் அவருக்காகப் பேசினார்கள். முந்தைய ஆட்டத்திலும் தோல்விதான், இதிலும் தோல்விதான். கேள்விக்குச் சொன்ன பதில் மட்டும் மாறியிருந்தது.

இதனால் அவருக்கு எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டே மறுபடியும் உட்காரவைக்கப்பட்டார். திரும்பி வந்து ஓர் ஆட்டத்தில் 301 கெஜம் எறிந்து வென்றும் கொடுத்தார். 2024இல் அணி அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டது. தவறை ஒப்புக்கொண்டால் வெற்றி வந்துவிடும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. கூட ஆடுகிறவர்கள் நம் பக்கம் நிற்பார்கள். அதுவே போதுமான காரணம்.

இன்னும் ஒரு தகவல். அதே ஜெட்ஸ் அணி ஒதுக்கிய இன்னும் இருவர் உண்டு. ஜீனோ ஸ்மித் பல ஆண்டுகள் மாற்று வீரராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 2022இல் சியாட்டில் அணிக்கு ஆடி, எறிந்த பந்துகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 என்ற அளவில் துல்லியம் காட்டி, அந்த ஆண்டு அந்த லீக்கிலேயே முதலிடம் பெற்றார். 2018இல் மூன்றாவது ஆளாகத் தேர்வான சாம் டார்னால்டையும் தேறாதவர் என்றார்கள். 2024இல் மின்னசோட்டா அணியை 17 ஆட்டங்களில் 14இல் வெல்ல வைத்தார். சக வீரர்கள் உடைமாற்றும் அறையில் அவர் மேல் தண்ணீரைக் கொட்டிக் கொண்டாடினார்கள். அவருடைய பயிற்சியாளர் கெவின் ஓ'கானலின் கருத்து ஒன்றை நான் என் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இளம் வீரர்கள் அணியை ஏமாற்றுவதற்கு முன்பே, அணிகள் அந்த இளைஞர்களைக் கைவிட்டுவிடுகின்றன என்பது அவர் கருத்து. அணி என்ற இடத்தில் பள்ளி என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

இப்போது என் பள்ளி அணியில் செட்டருக்கு நாள்தோறும் இருபது நிமிடத் தனிப் பயிற்சி உண்டு. முதல் தொடுகைப் பயிற்சியும் நாள்தோறும் உண்டு. போன ஆண்டும் குறுவட்டத்தில் தோற்றோம். செட்டர் அழுதான். மறுநாள் மாலை மைதானத்துக்கு வந்துவிட்டான்.

உங்கள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நாளை வகுப்புக்குப் போகும்போது, இரண்டாவது தொடுகையில் தடுமாறி நிற்கும் ஒரு குழந்தையை அடையாளம் கண்டு, அவனிடமோ அவளிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.